உறவினர் பெயரில் ஒப்பந்தங்கள்

ஐயா,

அரசுப் பணிகளை ஒப்பந்தம் எடுத்திருக்கும் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களைப் பதவிக்குத் தகுதியற்றவர்களாக்கும் பிரிவு 9ஏ, 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்திலேயே இருக்கிறது. ஆனால் அத்தடை உறுப்பினர் தாமே செய்துகொண்ட ஒப்பந்தத்தைப் பற்றியது மட்டுமே என்பதால், மனைவியோ மகனோ மைத்துனரோ நடத்தும் நிறுவனம் அதே தொகுதியில் பாலம் கட்டினாலும் சட்டம் குறுக்கே வருவதில்லை. இது பெரும் ஓட்டை.

டெண்டர் நிபந்தனைகளை எழுதும்போதே போட்டியை ஒடுக்கிவிட முடியும். சாலைப் பணிக்கு, இத்தனை கிலோமீட்டருக்குள் சொந்தமாகத் தார்க் கலவை ஆலை வைத்திருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தால் போதும், அந்த வட்டாரத்தில் ஆலை வைத்திருப்பவரைத் தவிர வேறெவரும் விண்ணப்பிக்க இயலாது. கலவை ஆறிவிடக்கூடாது என்ற காரணம் நியாயமானதுதான். ஆனால் தொலைவை யார், எந்த அடிப்படையில் நிர்ணயித்தார்கள் என்பது கோப்பில் பதிவாக வேண்டும்.

அரசியல் கட்சிகளுக்குப் பெயர் வெளியிடாமல் நன்கொடை அளிக்க வழிசெய்த தேர்தல் பத்திரத் திட்டத்தை 2024 பிப்ரவரி 15 அன்று ரத்து செய்த உச்ச நீதிமன்றம், நன்கொடைக்குக் கைம்மாறு பெறும் அபாயத்தைச் சுட்டிக்காட்டியது. அதே அபாயம் உறவுக்கும் உண்டு. எனவே ஒப்பந்ததாரர்கள் தம் நிறுவனத்தின் உண்மையான உரிமையாளர்களையும், அமைச்சர்கள், உறுப்பினர்கள், டெண்டர் குழு அதிகாரிகள் ஆகியோருடன் தமக்குள்ள உறவையும் உறுதிமொழிப் பத்திரத்தில் அறிவிப்பதையும், அதை அரசு டெண்டர் இணையதளத்தில் வெளியிடுவதையும் கட்டாயமாக்க வேண்டும்.

ஒரு வாசகர், திருச்சி