பின்னாலிருந்து வந்த சத்தம்

அன்புள்ள மாப்ளே,

பொங்கலுக்குப் பிறகு உனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. நீ திட்டினால் வாங்கிக்கொள்கிறேன். தங்கச்சிக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டேன், நிம்மதி. இங்கே எல்லோரும் சுகம். சின்னவளுக்கு ஐப்பசியில் முகூர்த்தம் பார்க்கிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பிக்கப் வண்டியில் இரண்டு மாதமாக ஒரு சத்தம். 45 கிலோமீட்டர் வேகத்தில் ஆரம்பிக்கும், 60-ல் காதுக்குள் வண்டு புகுந்த மாதிரி 'ங்ஙீ' என்று இழுக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அடங்கிவிடும். ஒரு மெக்கானிக் ஆல்டர்நேட்டர் பேரிங் என்றார், மாற்றினேன். இன்னொருவர் பின் வீல் பேரிங் என்றார், இரண்டு பக்கமும் மாற்றினேன். பணம் போனதே தவிர சத்தம் போகவில்லை.

அப்புறம்தான் உனக்கு மெக்கானிக் வேலை சொல்லிக்கொடுத்த ராவுத்தர் அண்ணன் நினைவுக்கு வந்தார். "சத்தம் எஞ்சினோட போகுதா, சக்கரத்தோட போகுதான்னு பாக்காம ஸ்பேனரைத் தொடாதே" என்று உன் தலையில் குட்டுவாரே, அந்தக் குட்டு இப்போது எனக்கு விழுந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியலில், பைபாஸில் ஆள் நடமாட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து வண்டியை எடுத்துப் போனேன். நிறுத்தி வைத்து எஞ்சினை முறுக்கினேன், சத்தம் இல்லை. ஆல்டர்நேட்டர் மாதிரி பெல்ட்டில் ஓடுகிற சாமான் எதுவும் காரணம் இல்லை என்று ஆனது. 60-ல் நாலாவது கியரிலும் ஓட்டினேன், ஐந்திலும் ஓட்டினேன். எஞ்சின் சுற்று மாறுகிறது, சத்தம் அதே சுருதியில் நிற்கிறது. அப்படியென்றால் கியர் பாக்ஸுக்கும் பின்னால்தான். வண்டியை இடம் வலம் ஒடித்துப் பார்த்தேன், மாறவில்லை, ஆகவே வீல் பேரிங்கும் இல்லை. புதுத் தார் ரோடு, பழைய சொரசொர ரோடு இரண்டிலும் ஒன்றுபோலவே இருந்தது, ஆகவே டயரும் இல்லை. மிச்சம் கிரௌன் கூடுதான், பின் அச்சின் நடுவில் கிரௌன் என்கிற பெரிய பல்சக்கரமும் பினியன் என்கிற சின்னதும் கடித்துச் சுற்றுகிற கூடு.

கீழே படுத்துப் பார்த்தேன், மாப்ளே. அந்தக் கூட்டின் முன்பக்கம், பினியன் மூக்கைச் சுற்றி எண்ணெயும் புழுதியும் சேர்ந்து அடை மாதிரி அப்பியிருந்தது. ஆயில் ஊற்றுகிற ஃபில்லர் பிளக்கைக் கழற்றி விரலை விட்டேன். துளை விளிம்பு வரை நிற்க வேண்டிய ஆயில் விரலுக்கு எட்டவே இல்லை. கீழ் பிளக்கைத் திறந்தால் பாதிகூட வரவில்லை, வந்ததும் கறுத்துக் கருகல் வாடை. பிளக் காந்தத்தில் இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. ஷாஃப்ட் ஜாயிண்டைக் கழற்றிப் பினியனைப் பிடித்து ஆட்டினால் கையிலேயே ஆட்டம் தெரிகிறது.

இத்தனைக்கும் காரணம் என்ன தெரியுமா? கூட்டின் மேலே இருக்கிற விரல் நகம் அளவு பிரீதர், உள்காற்று வெளியே போகிற மூச்சுத் துளை. மழையில் தோட்டத்துப் பாதையில் போய் வந்ததில் சேறு ஏறி அடைத்துவிட்டது. ஓட ஓடக் கூடு சூடாகும், உள்ளே காற்று விரியும், போக வழி இல்லை. அது பினியன் மூக்கில் இருக்கிற ஆயில் சீலைத் தள்ளிக்கொண்டு ஆயிலை வெளியே துப்பியிருக்கிறது. ஆயில் குறைந்ததும் பேரிங் தேய, பேரிங் தேய்ந்ததும் அலற ஆரம்பித்தது.

இதை உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது வேறு காரணத்துக்காக. பெரியவன் என்னிடம் முதல் வாரமே சொன்னான், "அப்பா, பின்னாடி ஏதோ கத்துது" என்று. "ஓட்டப் பழகு, சத்தம் தானாப் போகும்" என்றேன். அவன் அதே வண்டியில் பாச்சலூரிலிருந்து சௌசௌ மூட்டை ஏற்றிக்கொண்டு வடகாடு வளைவுகளில் விடியக்காலை இறங்கி, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு வந்துகொண்டிருந்தான். அந்தப் பேரிங் பொடிந்து பினியன் இறுகிப் பிடித்திருந்தால் பின் சக்கரம் இரண்டும் பூட்டிக்கொள்ளும். லோடோடு, இறக்கத்தில், ஒரு பக்கம் பள்ளம். கழற்றிய பேரிங்கைக் கையில் வைத்துக்கொண்டு பட்டறை வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். ரோலர்களில் அம்மைத் தழும்பு மாதிரி குழி குழியாக இருந்தது. அன்று ராத்திரி அவனைக் கூப்பிட்டு, "நீ சொன்னதுதான் சரி, நான்தான் கேக்கல" என்றேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டான்.

பினியன் பேரிங் இரண்டும், சீலும் புதுசு. பிரீதருக்கு ஹோஸ் வைத்து மேலே லோடு ஏற்றுகிற தொட்டி ஓரம் வரை ஏற்றிவிட்டேன். சேறு அங்கே எட்டாது. சத்தம் தொண்ணூறு பங்கு போய்விட்டது. ஆனால் 65 தாண்டினால் இன்னும் ஒரு மெல்லிய முனகல் கேட்கிறது. பல் பார்த்தேன், உடைசல் இல்லை, ஆனால் பினியன் பல் ஒரு பக்கம் பளபளவென்று தேய்ந்திருக்கிறது. கிரௌனையும் பினியனையும் சோடியாகத்தான் மாற்ற வேண்டும், இப்போது கல்யாணச் செலவு வேறு. ஓட்டலாமா, மாற்றியே ஆக வேண்டுமா? பட்டறையில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கு உன் காதுதான் நம்பிக்கை.

அடுத்த ஞாயிறு வா. தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு வா. பெரியவன் ஓட்டட்டும், நீ அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேள். அதுவரை வண்டியை மலைக்கு அனுப்பவில்லை.

உன்,
மாரி