ஐந்தும் இரண்டும், ஐந்தும் மூன்றும்

மந்தைவெளி, சென்னை
27-12-2023

அடி கும்பகோணத்துக்காரி,

உன் கடிதம் நேற்று வந்தது. முழங்கால் ஆபரேஷனுக்குத் தேதி குறித்தாயிற்று என்று படித்ததும்தான் நிம்மதி. இனியும் தள்ளிப்போடாதே.

இன்று திருவாதிரை. மருமகள் களி கிண்டி, ஏழு காய் போட்டுக் குழம்பும் வைத்திருக்கிறாள். நான் ஆப்பிரிக்காவின் மலாவியிலிருந்து வந்து பத்து நாளாகிறது. அங்கே இப்போது மழைக்காலம், மாம்பழக் காலமும்கூட. போன அறுவடையின் மக்காச்சோளம் பல வீடுகளில் தீர்ந்துபோய், புதுசு விளையும்வரை பிள்ளைகள் மாம்பழத்தால் வயிற்றை நிரப்பும் மாதங்கள் இவை. என் தட்டில் இரண்டாவது கரண்டி களி விழுந்தபோது அந்த முகங்கள்தான் கண்ணில் நின்றன. பண்டிகை நாளாயிற்றே, யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் சொல்லலாம்.

மிக்ஜாம் புயல் மழையில் நம் கீழ்வீட்டுக்குள் முழங்கால் தண்ணீர். டிசம்பர் 4ஆம் தேதி நான் அங்கே ஸோம்பா ஊரில் இருந்தேன். பிள்ளையின் போன் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தபோது நான் பாடம் நடத்தும் பள்ளியின் தலைமையாசிரியை வந்து முதலில் கேட்ட கேள்வி, "உங்கள் வீட்டுச் சுவர் நிற்கிறதா?" என்பதுதான். மார்ச் மாதம் ஃப்ரெடி புயலில் அவர்கள் நாட்டில் இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் ஆயிரத்துக்கு மேல். மண் கட்டிச் சுவர்கள் ஊறி ஊறி விழுந்த ஊர் அது. அவர்கள் சொந்தக் கவலையையே எனக்காகவும் பட்டார்கள். இங்கே சுவர் நின்றது, மூன்று நாள் கரண்ட் இல்லை, அவ்வளவுதான்.

உன்னிடம் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். வருகிற உறவுக்காரர்கள் எல்லாரும் "ரிட்டயர் ஆன பிறகு தொண்டு செய்யப் போயிருக்கா" என்று கை கூப்புகிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பொருந்தவே இல்லை. மயிலாப்பூரில் அறுபத்துமூவர் உலா பார்த்து வளர்ந்தவளுக்குத் தொண்டர் என்றால் யார் என்று தெரியாதா? நான் அங்கே கற்றுக்கொள்கிறவள்.

எப்படி என்று சொல்கிறேன், நீயும் கணக்கு டீச்சர்தான். அவர்கள் சிச்சேவா மொழியில் ஐந்துக்கு மேல் தனிப் பெயர் கிடையாது. ஆறு என்பது "ஐந்தும் ஒன்றும்", ஏழு "ஐந்தும் இரண்டும்". அப்புறம் பத்துக்குத்தான் தனிச் சொல், "கூமி". ஐந்தாம் வகுப்பில் தொண்ணூறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு நான் இங்கிலீஷில் செவென், எயிட் என்று இரண்டு மாதம் கத்தினேன். பிள்ளைகள் விரல் மடக்கித் தடுமாறின. பக்கத்து வகுப்பு டீச்சர் ஒருநாள் வந்து, கேள்வியை அவர்கள் பேச்சிலேயே கேட்டாள். ஏழும் எட்டும் எத்தனை? ஐந்தும் இரண்டும், ஐந்தும் மூன்றும். இரண்டு ஐந்து சேர்ந்து பத்து. இரண்டும் மூன்றும் இன்னொரு ஐந்து. நான் சாக்பீஸை எடுப்பதற்குள் பதினைந்து என்று பின் வரிசையிலிருந்து குரல் வந்துவிட்டது! முப்பத்திரண்டு வருஷம் பாடம் நடத்தி, பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கும் கணக்கை நான் கேட்டதே இல்லையடி. இங்கேயும் எத்தனை பிள்ளைகளை அப்படிக் கேட்காமல் விட்டேனோ என்று ராத்திரியில் நினைவு வருகிறது.

பழைய தமிழில் ஒன்பதுக்கும் தொண்டு என்றுதான் பெயர், தெரியுமோ? அந்தத் தொண்டு என்றால் ஏற்றுக்கொள்கிறேன். அவர்கள் கணக்கில் அது ஐந்தும் நான்கும்.

பிள்ளை "இன்னொரு வருஷம் போகணுமா அம்மா?" என்று கேட்டான். கோபமாக இல்லை, மெதுவாகத்தான் கேட்டான். அதுதான் வலித்தது. பேத்தி என் மடியில் உட்காரவே நாலு நாள் எடுத்துக்கொண்டாள். ஆனாலும் ஜனவரி 3ஆம் தேதி கிளம்புகிறேன். ஜூலையில் அந்தப் பிள்ளைகளுக்கு வருஷம் முடியும், அதுவரை இருப்பேன் என்று அவனிடம் சொல்லிவிட்டேன்.

உன்னால் ஒரு உதவி ஆக வேண்டும். அங்கே மரத்தடிக்கு மரத்தடி "பாவோ" ஆடுகிறார்கள். நம் பல்லாங்குழிக்கு அக்கா என்று வைத்துக்கொள்: நாலு வரிசை, வரிசைக்கு எட்டுக் குழி, கழற்சிக்காய்போலச் சாம்பல் நிறக் காய்கள். அள்ளி ஒவ்வொன்றாய்ப் போட்டுக்கொண்டே போகும் அந்தக் கை அசைவைப் பார்த்ததும் அம்மா ஞாபகம் வந்தது. தலைமையாசிரியைக்கு நம் ஆட்டத்தைக் கற்றுக்கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். அம்மாவின் பலகையை எடுத்துப் பார்த்தால், வெள்ளத்தில் ஊறி நடுவில் பிளந்து கிடக்கிறது. உன் வீட்டு ரேழிப் பரணில் பாட்டி காலத்துப் பலகை ஒன்று இருந்ததே, ஹாஸ்டல் லீவில் வந்தபோது நாம் ஆடினோமே, அது இன்னும் இருந்தால் நாளைக்கே கூரியரில் அனுப்பு. நீ பரணில் ஏறாதே, யாரையாவது ஏறச் சொல். சோழி மாட வீதியில் வாங்கி வைத்துவிட்டேன்.

உன்
மந்தைவெளிக்காரி