பாப்பாவின் நிறம் படத்தில் அப்படியே இருக்கட்டும்

அன்புள்ள கயலுக்கு,

பொங்கலுக்கு நீ அனுப்பிய படங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. உன் அம்மா ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, அத்தைக்கும் அனுப்பிவிட்டாள். பட்டுப் பாவாடை இடுப்பில் நிற்காமல் பாப்பா அதை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருக்கும் படம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆனால் எல்லாப் படங்களிலும் ஒரு விஷயம் உறுத்துகிறது. பாப்பாவின் நிறம் அவற்றில் இல்லை. வீடியோ காலில் நாங்கள் பார்க்கிற பிள்ளை என் அம்மாவின் நிறத்தில், நல்ல கருமையாக இருக்கிறாள். படத்தில் இருப்பவள் முகத்தில் மாவு பூசினாற்போல் வெளுத்துப்போய், கன்னமும் நெற்றியும் ஒன்றாகத் தெரிகிறாள்.

இதை நீ வேண்டுமென்று செய்யவில்லை என்று தெரியும். பல போன்களில் பியூட்டி மோட் தானாகவே ஆன் ஆகி இருக்கும். அது தோலை வழவழப்பாக்கும், வெளுக்கவும் செய்யும். கேமரா செட்டிங்கில் போய் முதலில் அதை அணைத்துவிடு. அப்புறம் படிக்கலாம் மீதிக் கடிதத்தை.

பாப்பாவை நீ ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்திருக்கிறாய். வெளியே டொராண்டோவின் பனி. அது அழகாகத்தான் இருக்கிறது, படத்தில் வர வேண்டும் என்று நினைத்திருப்பாய். ஆனால் கேமராவுக்குள் இருந்து ஒளியை அளக்கும் மீட்டருக்கு எது பனி, எது பிள்ளை என்று தெரியாது. எதிரில் இருப்பதெல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறம் என்று வைத்துக்கொண்டுதான் அது கணக்குப் போடும். விழும் ஒளியில் 18 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும் சாம்பல் அட்டை ஒன்றை ஸ்டுடியோவில் நான் மாட்டி வைத்திருந்தது உனக்கு நினைவிருக்கும். அந்த அட்டைதான் அந்தக் கணக்கின் அளவுகோல். ஃபிரேமில் பாதிக்கு மேல் வெள்ளை நிறைந்திருந்தால் மீட்டர் பயந்துகொண்டு ஒளியைக் குறைக்கும். பனி அழுக்குச் சாம்பலாகும், முகம் இருட்டாகும். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை மாப்பிள்ளையை வெள்ளைத் துணி கட்டிய மேடையில் நிறுத்தி எடுக்கும்போதும் இதே தொல்லைதான். டொராண்டோ பனிக்கும் கும்பகோணத்துக் கல்யாண மேடைக்கும் கேமரா கணக்கில் வித்தியாசமே இல்லை. இன்றைய போன்கள் முகத்தைக் கண்டுபிடித்துக் கொஞ்சம் சமாளிக்கும். அப்படிச் சமாளிக்கும்போதுதான் இருட்டில் கிடந்த முகத்தை இழுத்து, வெளுத்த மாதிரி ஆக்கிவிடுகின்றன.

ஆகவே பாப்பாவைத் திருப்பி நிறுத்து. ஜன்னல் அவளுக்கு ஒரு பக்கமாக, சற்று முன்னால் இருக்க வேண்டும். ஜன்னலையே நேராகப் பார்க்கவும் வேண்டாம், முழுக்கப் பக்கவாட்டில் திரும்பவும் வேண்டாம். நடுவில் ஒரு கோணத்தில் நிற்கட்டும். அப்போது ஒரு கன்னத்தில் வெளிச்சமும் மறு கன்னத்தில் மெல்லிய நிழலும் விழும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வெளுத்த தோலில் முகத்தின் மேடு பள்ளங்கள் நிழலால் தெரியும். கருமையான தோலில் அவை மினுமினுப்பால் தெரியும். பெரிய ஜன்னலின் வெளிச்சம் கன்னத்து மேட்டிலும், மூக்குத் தண்டிலும், கீழுதட்டிலும் விழுந்து மென்மையாகப் பளபளக்கும். அந்தப் பளபளப்புதான் முகத்துக்கு உருவம் கொடுக்கிறது. நேர் எதிரிலிருந்து ஃப்ளாஷ் அடித்தால் அது போய்விடும், நெற்றியில் ஒரு வெள்ளைப் பொட்டு மட்டும் மிஞ்சும். கருப்பான பிள்ளைக்கு நிறைய வெளிச்சம் வேண்டும் என்று சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. வெளிச்சம் பெரிய பரப்பிலிருந்து, சரியான பக்கத்திலிருந்து வந்தால் போதும். நிழல் பக்கம் ரொம்ப இருட்டாக இருந்தால், அந்தப் பக்கம் ஒரு வெள்ளை ஃபோம் போர்டைப் பிடிக்கச் சொல், மாப்பிள்ளை சும்மாதானே நிற்பார். நாங்கள் இங்கே தெர்மோகோல் பிடிப்போம். வெள்ளைப் பெட்ஷீட்டை நாற்காலியில் விரித்துப் போட்டாலும் வேலை நடக்கும்.

எந்த ஜன்னல் என்று கேட்பாய். உங்கள் ஊர் பூமத்திய ரேகையிலிருந்து வடக்கே 43 பாகைக்கும் மேலே இருக்கிறது. மார்கழி நடுவில் உச்சி வேளையிலும் சூரியன் அடிவானத்திலிருந்து ஏறக்குறைய 23 பாகை உயரம்தான் ஏறும். இங்கே அதே நாளில் ஏறக்குறைய 56 பாகை. அதனால் இந்த மாதங்களில் உன் வீட்டுத் தெற்கு ஜன்னலில் வெயில் தாழ்வாக உள்ளே வந்து முகத்தில் சுள்ளென்று அடிக்கும். அதில் எடுக்க வேண்டுமானால் மெல்லிய வெள்ளைத் திரையை இழுத்துவிடு. வடக்கு ஜன்னலில் குளிர்காலம் முழுக்க நேர் வெயில் வராது, நாள் முழுதும் ஒரே சீரான வெளிச்சம். நான் இருந்தால் அதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆனால் நான்கு, ஐந்து மணிக்கெல்லாம் அங்கே இருட்டிவிடுகிறது, மதியம் மூன்றுக்குள் எடுத்து முடித்துவிடு.

எடுக்கும்போது வீட்டு விளக்கை எல்லாம் அணைத்துவிடு. பொங்கல் பானைப் படத்தில் பாப்பாவின் ஒரு பக்கம் நீலமாகவும் மறு பக்கம் மஞ்சளாகவும் இருப்பதற்கு அதுதான் காரணம். வெளிச்சத்தின் நிறத்தை நிற வெப்பம் என்று கெல்வினில் சொல்வோம், எண் குறைந்தால் மஞ்சள், கூடினால் நீலம். சமையலறை மஞ்சள் பல்பு 2700 கெல்வின் சுமாருக்கு இருக்கும். ஜன்னல் வெளிச்சம் 5500க்கு மேலே போகும், நிழல் என்றால் இன்னும் நீலம். இரண்டும் ஒரே முகத்தில் விழுந்தால் எந்த ஆப்பாலும் முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது கெடும்.

அப்புறம் முகத்தைத் தொட்டு ஃபோகஸ் செய். பக்கத்தில் சின்னச் சூரியன் மாதிரி ஒரு குறி வரும், அதை மேலும் கீழும் நகர்த்தலாம். பின்னால் பனியோ வெள்ளைச் சுவரோ இருந்தால் கொஞ்சம் மேலே தள்ளு. பின்னால் கருநிறச் சோபாவோ இருட்டறையோ இருந்தால் கொஞ்சம் கீழே இறக்கு, இல்லாவிட்டால் முகம் மறுபடி வெளுக்கும். உன் கண் பாப்பாவின் முகத்தில் இருக்கட்டும். நேரில் அவள் எப்படி இருக்கிறாளோ அப்படித் திரையில் தெரியும் இடத்தில் நிறுத்திக்கொள்.

ஃபிரேம் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, உனக்கு இயல்பாகவே நல்ல பார்வை உண்டு. இரண்டு விஷயம் மட்டும். நீ நின்றபடியே குனிந்து எடுக்கிறாய், அதனால் பாப்பா தலை பெரிதாகவும் கால் சிறிதாகவும் வருகிறாள். முட்டி போட்டு உட்கார்ந்து அவள் கண் மட்டத்துக்குப் போனை இறக்கு. அதோடு, ரொம்ப நெருங்கிப் போகாதே. போனின் முக்கிய லென்ஸ் அகலமானது, பக்கத்தில் போனால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கும். இரண்டடி பின்னால் போய் 2எக்ஸ் ஜூம் வைத்து எடு. பின்னணியில் தலைக்கு மேல் முளைத்த மாதிரி விளக்குக் கம்பியோ, கதவு விளிம்போ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அழுத்து. லென்ஸைத் துடைத்துவிட்டு எடு, குழந்தை இருக்கும் வீட்டில் அதில் எப்போதும் விரல் ரேகை இருக்கும்.

நம் நிறத்துக்கும் கேமராவுக்கும் இருக்கும் தொல்லை புதிதில்லை, கயல். கலர் ஃபிலிம் காலத்தில் கோடாக் கம்பெனி பிரிண்ட் போடும் லேப்களுக்கு ஒரு அளவு அட்டை அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பார். ஷெர்லி கார்டு என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் மெஷின் சரி, பிரிண்ட் சரி. நம்மைப் போன்றவர்கள் அந்த அளவில் இல்லவே இல்லை. சாக்லேட் கம்பெனிக்காரர்களும் மரச்சாமான் செய்பவர்களும் தங்கள் சரக்கின் பழுப்பு நிறங்கள் படத்தில் பிரிந்து தெரியவில்லை என்று முறையிட்ட பிறகே ஃபிலிமில் அந்த நிறங்களைச் சீராக்கினார்கள் என்று அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை 1990களில்தான் வந்தது. 2021இல் கூகுள் தன் பிக்சல் 6 போனில் கருமையான தோலைச் சரியாகக் காட்டுவதற்கென்றே ரியல் டோன் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. இத்தனை காலம் கழித்து மெஷின் நம் பக்கம் திரும்பியிருக்கும்போது, நாமே ஒரு பொத்தானை அழுத்திப் பிள்ளையை வெளுக்க வைப்பதா? இங்கே கல்யாண ஆல்பங்களில் பெண்ணின் நிறத்தை இரண்டு படி ஏற்றிக் கொடு என்று கேட்பார்கள், கொடுக்கவும் செய்கிறார்கள். அந்தப் பெண்களின் பேரப்பிள்ளைகள் நாளை ஆல்பத்தைப் பார்த்தால் யாருடைய முகத்தைப் பார்ப்பார்கள்? என் அம்மாவுக்கு ஒரே ஒரு நல்ல படம்தான் இருக்கிறது. அதில் அவர் நிறம் அவர் நிறமாகவே இருக்கிறது. பாப்பா வளர்ந்து அந்தப் படத்தையும் தன் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது, நான் கொள்ளுப்பாட்டி மாதிரி இருக்கிறேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டும்.

எடிட்டிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஃபிலிம் காலத்திலேயே நெகட்டிவில் பென்சில் வைத்து டச்சப் செய்தவர்கள் நாங்கள். ஸ்னாப்சீட் என்ற எடிட்டிங் ஆப்பில் செய், போதும். முதலில் சாய்வைச் சரிசெய்து தேவையில்லாததை வெட்டு. அடுத்து ஹைலைட்டை, அதாவது வெளிச்சமான இடங்களை, குறை, பாவாடை ஜரிகை திரும்பக் கிடைக்கும். முழுக்க எரிந்து வெள்ளையாகிவிட்ட இடம் மட்டும் கிடைக்காது. போன் படத்தைச் சேமிக்கும் ஜேபெக் கோப்பில் ஒவ்வொரு நிறத்துக்கும் 0 முதல் 255 வரைதான் படிகள், 255ஐத் தொட்ட இடத்தில் மீட்பதற்கு எதுவும் இருக்காது. அதனால்தான் எடுக்கும்போதே கவனிக்கச் சொல்கிறேன். ஷேடோவை, அதாவது இருட்டான இடங்களை, ரொம்ப ஏற்றாதே, கூந்தல் சாம்பல் பூத்துவிடும். நிறச் சமநிலையைத் தோலை வைத்துச் சரிபார்க்காதே. படத்தில் இருக்கும் மாப்பிள்ளையின் வேட்டியைப் பார், அது வெள்ளையாகத் தெரிந்தால் மற்றதெல்லாம் சரி. சாச்சுரேஷனை, அதாவது நிறத்தின் அடர்த்தியை, ஏற்றினால் நம் தோல் செங்கல் நிறத்துக்குப் போய்விடும், அதைத் தொடவே வேண்டாம். முடிந்ததும் பழைய படத்தையும் புதியதையும் மாற்றி மாற்றிப் பார். முகத்தில் மாற்றம் பளிச்சென்று தெரிந்தால் அளவு மீறிவிட்டது, பாதிக்குக் குறை.

ஒரிஜினல் படங்களை அழித்திருக்க மாட்டாய் என்று நம்புகிறேன். பாவாடையைப் பிடித்துக்கொண்டிருக்கும் அந்தப் படத்தை வாட்ஸ்அப்பில் டாக்குமெண்டாக அனுப்பு. சாதாரணமாக அனுப்பினால் சுருக்கிவிடுகிறது, பெரிதாகப் பிரிண்ட் போட்டால் உடையும். பியூட்டி மோட் எடுக்கும்போதே வேலை செய்திருந்தால் அந்தப் படத்தில் இனி ஒன்றும் செய்ய முடியாது. அப்படியானால் அதே பாவாடையைக் கட்டிவிட்டு இன்னொரு முறை எடு, அவள் மறுபடியும் இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் நிற்பாள்.

ஞாயிற்றுக்கிழமை உனக்குக் காலை பத்து மணிக்கு, எங்களுக்கு இரவு எட்டரைக்கு, வீடியோ காலில் வா. போனைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்க ஒரு சுற்றுச் சுற்று, எந்த ஜன்னல் பக்கம் பாப்பாவை உட்கார வைக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். மாப்பிள்ளையை அந்த நேரம் வீட்டில் இருக்கச் சொல், போர்டு பிடிக்க ஆள் வேண்டும்.

அன்புடன்,
அப்பா