புலவருக்கு, இஸ்கூல் விஷயமாக

புலவரே,

சித்திரையில் வந்த உம் கடிதத்துக்கு ஆவணியில் பதில் போடுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள்ளும். கண் ஆபரேஷன் முடிந்தது, சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, வீட்டில் எல்லாரும் சௌக்கியம்.

போன மாதம் பேத்திக்குப் பள்ளிக்கூடத்தில் பணம் கட்டப் போனேன். கவுண்டரில் நின்று, "ரிசிப்ட் எங்கேம்மா?" என்றேன். ஏழாவது படிக்கிற குட்டி என் வேட்டியை இழுத்து, "தாத்தா, ரிசீட். பி சைலண்ட்" என்கிறது. முப்பத்து மூன்று வருஷம் இங்கிலீஷ் வாத்தியார்! பின்னால் வரிசையில் நின்றவர்கள் சிரித்திருந்தாலாவது தேவலை. பாவம் என்று பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்து டிக்‌ஷனரியைப் பிரித்தால் வயிற்றைக் கலக்குகிறது. நான் டெப்ட் என்று சொல்லிக்கொடுத்தது டெட்டாம். ப்ளம்பர் இல்லை, ப்ளம்மர். சப்டில் இல்லை, சட்டில். எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் அப்படித்தான் சொன்னார். நாமெல்லாம் இங்கிலீஷைக் காதால் கற்றோமா என்ன, கண்ணால் பார்த்துப் படித்ததுதானே. வருஷத்துக்கு நூறு பிள்ளைகள் என்று வைத்தாலும் மூவாயிரம் வாயில் இந்தப் பி-யை நட்டிருக்கிறேன். (இங்கிலீஷில் அது இரண்டு வேறு எழுத்து. தமிழில் எழுதினால் இரண்டும் பி-தான், பொறுத்துக்கொள்ளும்.)

அப்புறம்தான் வேடிக்கை. அந்த எழுத்து பிறவியில் கிடையாதாம்! டெட் என்கிற சொல் பிரெஞ்சிலிருந்து வந்தபோது டி, இ, டி, டி, இ என்று சொல்கிற மாதிரியேதான் எழுதினார்கள். 15, 16-ஆம் நூற்றாண்டுகளில் லத்தீன் படித்த பெரிய மனிதர்கள், "மூலச்சொல் டெபிடும் அல்லவா, தாத்தா பெயர் தெரிய வேண்டாமா?" என்று நடுவில் பி-யைச் செருகிவிட்டார்கள். ரிசீட்டுக்கும் அதே பூஜை நடந்தது. அதன் பங்காளிகளான கன்சீட்டையும் டிசீட்டையும் மட்டும் விட்டுவிட்டார்கள். ஐலண்டுக்கு நடந்தது இன்னும் அநியாயம். அது லத்தீன் வம்சமே இல்லை, பழைய இங்கிலீஷ் சொல். பக்கத்து வீட்டு ஐல் (அதற்கும் தீவு என்றுதான் அர்த்தம்) எஸ் போட்டிருக்கிறதே என்று இதற்கும் ஓர் எஸ்ஸை மாட்டினார்கள். யாரோ பண்டிதர்கள் ஜம்பத்துக்குச் செருகியதை நான் பக்தியோடு உச்சரித்திருக்கிறேன்!

இதைச் சொல்லிச் சிரிக்கத்தான் கடிதம் எழுத நினைத்தேன். அதற்குள் போன வெள்ளிக்கிழமை ஒருவன் வந்தான்.

கடைசி பெஞ்சு, எண்ணெய் வழியும் தலை, அப்பாவுக்குச் செக்கு. உம்மிடம் செய்யுள் ஒப்பிக்கும்போது கண்ணை இறுக்கி மூடிக்கொள்வானே, அவனேதான். இப்போது ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறான். மகளுக்குக் கல்யாணம். தட்டில் பத்திரிகையை வைத்து நீட்டி, "நம்ம இஸ்..." என்று ஆரம்பித்தவன் சட்டென்று நிறுத்தினான். பல்லைக் கடித்து மூச்சைப் பிடித்து, "ஸ்... ஸ்கூல்ல படிச்ச எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன் சார்" என்றான். ஐம்பது வயசுக்காரன், புலவரே. என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்த இ-யை விழுங்கினான்.

அதே இ-க்காக அவனை எத்தனை நாள் பெஞ்சு மேல் ஏற்றியிருப்பேன்! அப்போது ஸ்டாஃப் ரூமில் வெற்றிலையை மென்றுகொண்டு நீர் கேட்டீர்: "ராமனுக்கு முன்னால் இ போட்டால் இலக்கணம், ஸ்கூலுக்குப் போட்டால் பிரம்படியா?" தமிழில் மெய்யெழுத்து சொல்லுக்கு முதலில் நிற்காது, பையனுடைய நாக்கு அதற்குக் கட்டுப்படுகிறது என்றீர். புலவர் ஆரம்பித்துவிட்டார் என்று நான் டீ குடிக்க எழுந்து போனேன்.

நீர் சொன்னது சரி. ஸ்பெயின்காரன் பள்ளிக்கூடத்தை எஸ்க்வேலா என்கிறான். லத்தீனில் ஸ்டாட்டுஸ் என்று இருந்ததற்குப் பிரெஞ்சு நாக்கு முன்னால் ஓர் எ போட்டது. இங்கிலீஷ்காரன் அதை வாங்கி எஸ்டேட் ஆக்கிக்கொண்டான். வால்பாறையில் எஸ்டேட் வைத்திருக்கிறார் என்றால் எழுந்து நின்று கும்பிட்டோம். இஸ்கூல் என்றவனை பெஞ்சு மேல் ஏற்றினேன்.

அவனிடம் இதைச் சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. காபி குடித்தான், காலில் விழுந்தான், போய்விட்டான்.

ஆவணி கடைசி முகூர்த்தம். உம்முடைய பத்திரிகையும் என்னிடம்தான் இருக்கிறது. முதல்நாளே வந்துவிடும். நான் அவனிடம் பேச ஆரம்பித்தால் நீர் பக்கத்தில் நிற்க வேண்டும். பாதியில் தொண்டை அடைத்தால் மீதியை நீர் சொல்லும்.

உம்
இங்கிலீஷ் வாத்தியார்

பி.கு. இப்போதெல்லாம் மொய்க்கும் கம்ப்யூட்டரில் அடித்துச் சீட்டுத் தருகிறார்கள். நான் ரசீது என்றே கேட்கப்போகிறேன். அது பாரசீகச் சொல் என்று அங்கே ஆரம்பிக்காதீர்.