செண்பகத்தோப்பிலிருந்து அப்பா

அன்புள்ள செல்வத்துக்கு,

அப்பா எழுதுகிறேன். அம்மா நலம், முட்டு வலிதான் கூடக் குறைய இருக்கிறது. போன் பண்ணினால் மீட்டிங்கில் இருக்கிறேன், அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிடுகிறாய். சரி, எழுதியே விடலாம் என்று உட்கார்ந்தேன். நீயும் சாவகாசமாகப் படிக்கலாம்.

தோப்பில் இந்த வருஷம் சப்பட்டை மா நன்றாகக் காய்த்திருக்கிறது. பஞ்சவர்ணம் மா சுமார்தான். குத்தகைக்காரர் வந்து, "அணில் தின்றது போக எனக்கு என்னங்கய்யா மிஞ்சும்?" என்று விலையைக் குறைக்கப் பார்த்தார். வருஷா வருஷம் பாடுகிற பாட்டுதானே. நான் பிடி கொடுக்கவில்லை.

நரை அணில் மறுபடியும் கூடு கட்டுகிறது. தாத்தா வைத்த மாவும் வேலியோரப் புளியும் கிளை கோத்துக்கொள்ளுமே, அங்கேதான். காலையில் நின்று பார்த்தேன். இலையோடு குச்சியைப் பல்லால் நறுக்கி, வாயில் குறுக்காகக் கவ்விக்கொண்டு வந்து கவட்டையில் திணிக்கிறது. உடம்பு உள்ளே போய்விட்டது, வால் மட்டும் வெளியே தொங்குகிறது. உடம்பு நீளத்துக்கு வால், நுனி வரை நரை. ஒரே அணில் ஒன்றுக்கு மேல் கூடு கட்டி வைத்துக்கொள்ளும், நம்மவர்கள் பிளாட் வாங்கிப் போடுகிற மாதிரி.

வனத்துறைப் பையன்கள் வந்து கூட்டைக் குறித்துக்கொண்டு போனார்கள். என் மகன் ஏழாம் வகுப்பிலேயே இந்த அணிலைப் பற்றிப் பேசிக் கலெக்டர் கையால் பரிசு வாங்கியவன் என்று அவர்களிடம் சொன்னேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. இலங்கையையும் நம் தென்னாட்டையும் விட்டால் உலகத்தில் வேறெங்கும் இது கிடையாது, 1988-ல் இதற்காகவே நம் ஸ்ரீவில்லிபுத்தூர்க் காட்டைச் சரணாலயமாக அறிவித்தார்கள் என்று மேடையில் முழங்கினாயே. இது தரைக்கு இறங்குவதே அபூர்வம், கிளைக்குக் கிளை தாவித்தான் போகும், நடுவில் நாலு மரத்தை வெட்டினால் அதற்குப் பாதையே அறுந்துபோகும் என்று நீ சொன்னபோது, தாத்தா என் தொடையைத் தட்டி, "வக்கீலுக்குப் படிக்க வைடா" என்றார். 2021-ல் மேகமலையையும் சேர்த்துப் புலிகள் காப்பகம் ஆக்கியபோதும் நீதான் முதலில் கூப்பிட்டுச் சொன்னாய். அப்போதெல்லாம் உனக்கு மீட்டிங் இல்லை போலிருக்கிறது.

காட்டுக்குள் நிற்கிற மரத்துக்குச் சட்டம் இருக்கிறது. அணிலுக்கும் 1972 வனவிலங்குச் சட்டத்தில் முதல் பட்டியலில் இடம் இருக்கிறது. ஆனால் அடிவாரத்து மாவும் புளியும் பட்டா நிலத்தில் நிற்பவை. அணிலுக்கு எல்லைக்கல் தெரியாது. காட்டிலிருந்து பேயனாற்றுக் கரை மரங்களில் ஏறி, நம் தோப்பு வழியாகத்தான் அடுத்த தோப்புக்குப் போகிறது. கிழக்கே ஏற்கெனவே வெட்டிச் சமப்படுத்தி, கல் நட்டுவிட்டார்கள். அந்தப் பக்கம் இப்போது ஒரு கூடும் இல்லை.

புதன்கிழமை ஒருவர் காரில் வந்தார். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். தோப்பை ஒரு சுற்று சுற்றிவிட்டு, "தம்பிகிட்ட பேசிட்டேங்கய்யா" என்றார். எந்தத் தம்பி என்று நான் கேட்கவில்லை. ஊரில் எத்தனையோ தம்பி. நான் சொல்லாமலே சர்வே நம்பரை அவர் சொன்னார். காபி கொடுத்து அனுப்பினோம். அம்மாவிடம் மாங்காய் வியாபாரி என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

வெயிலில் அலையாதே. ராத்திரி ரொம்ப நேரம் முழிக்காதே. பண நெருக்கடி ஏதாவது இருந்தால் என்னிடம் சொல். சொந்தக் காலில் நின்று வீடு வாங்கினாய், ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், ஆனால் மாதத் தவணை எவ்வளவு என்று எனக்கு இன்று வரை தெரியாது. யாருக்கும் பவர் மட்டும் எழுதிக் கொடுத்துவிடாதே. பெரியப்பா கதை உனக்கே தெரியும். பிள்ளைக்குக் காதுவலி எப்படி இருக்கிறது? பணம் வேண்டுமென்றால் கேள். பவர் விஷயத்தில் கவனம்.

சித்திரைக்கு வருவதாகச் சொன்னாய், வரவில்லை. அதை விடு.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் கூப்பிடு. அம்மா ஆண்டாள் கோவிலுக்குப் போயிருப்பாள். வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.

அன்புடன்,
அப்பா