இரண்டாம் முறை கொடுக்கும் இரத்தம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடல் கடந்து வாழும் தமிழர்களிடையே நீரிழிவு நோய் மிகுந்திருப்பதைப் பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையைப் படித்தேன். தகவல்களைப் பொறுமையாகத் திரட்டியிருந்த கட்டுரையாளர், இறுதியில் இந்நோய் நம் இரத்தத்தோடு வந்த விதி என்று எழுதி முடித்துவிட்டார். டர்பனில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் இரத்தத்தைக் குழாயில் வாங்கிச் சோதித்துப் பிழைத்தவன் நான். அந்தக் கடைசி வரியை மறுத்துச் சில செய்திகள் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

1987-இல் மொரீஷியஸ் அரசு, உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடும் மெல்போர்னைச் சேர்ந்த பால் ஜிம்மெட் முதலிய அறிஞர்களின் துணையோடும் ஒரு பெரிய நீரிழிவுக் கணக்கெடுப்பை நடத்தியது. இந்திய வம்சாவளியினர், பெரும்பாலும் ஆப்பிரிக்க வழிவந்த கிரியோல் மக்கள், சீனர் என வெவ்வேறு நிலங்களிலிருந்து வந்தவர்களின் சந்ததி ஒரே தீவில் ஒரே கடையில் அரிசியும் எண்ணெயும் வாங்கி வாழ்கிறது. நோய் இந்திய வீடுகளில்தான் குவிந்திருக்கும் என்று யாருக்கும் தோன்றும். ஆனால் கிரியோல் மக்களிடமும் சீனரிடமும்கூடப் பெரியவர்களில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற அளவுக்குக் குறையாமல் நோய் இருந்தது. இரத்தம் மட்டுமே காரணமென்றால் மூன்று வெவ்வேறு இரத்தங்கள் ஒரே தீவில் ஏன் ஒரே வழியில் போயின?

அந்தக் கணக்கெடுப்போடு அவர்கள் நின்றுவிடவில்லை. மலிவு விலையில் விற்ற ரேஷன் சமையல் எண்ணெயில் பெரும்பகுதியாக இருந்த பாமாயிலை நீக்கிச் சோயா எண்ணெயைக் கொடுத்தார்கள். 1992-இல் மறுபடியும் மக்களை அழைத்துச் சோதித்தபோது, சராசரிக் கொலஸ்ட்ரால் லிட்டருக்கு 5.5 மில்லிமோலிலிருந்து 4.7-க்கு இறங்கியிருந்தது. நீரிழிவு அப்படி இறங்கவில்லை. எண்ணெயை மாற்றினால் எது அசையும், எது அசையாது என்ற இந்த இரண்டு உண்மைகளும் வெளிப்பட்டது 1987-இல் எடுத்த இரத்தத்தால் அன்று. 1992-இல் மறுபடி எடுத்த இரத்தத்தால்.

எங்கள் டர்பனிலும் இத்தகைய தொடர் ஆய்வு நடந்திருக்கிறது. சர்க்கரை நோய் இன்னும் வராமல், ஆனால் குளுக்கோஸைத் தாங்கும் திறன் குறைந்துவிட்ட இந்திய வம்சாவளியினரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து ஆயேஷா மோட்டாலா, உமர் முதலிய மருத்துவர்கள் 1993-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு அதற்குள் நோய் வந்துவிட்டது. சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர் இதே நிலையிலிருந்த 531 பேரை நான்கு பிரிவாக்கி மூன்று ஆண்டு கவனித்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், வழக்கமான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதத்தினருக்கு நோய் வந்தது. உணவிலும் நடையிலும் தொடர்ந்து நெறிப்படுத்தப்பட்டவர்களில் அது 39 சதவீதமாகக் குறைந்தது. சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் மாத்திரை கொடுக்கப்பட்டவர்களிலும் கிட்டத்தட்ட அதே அளவுதான். டர்பனிலும் சென்னையிலும் அபாயம் ஒன்றுபோல் இருப்பதைப் பார்த்து விதி என்று சொல்வோர், 55 என்பது 39 ஆனதையும் சேர்த்துப் பார்க்க வேண்டாமா? குறைந்தது போதாது என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவில் 2002-இல் வெளியான இதே வகை ஆய்வில் வாழ்க்கை முறை மாற்றம் அபாயத்தை 58 சதவீதம் குறைத்தது. சென்னையில் 55 என்பது 39 ஆனது ஏறத்தாழ 29 சதவீதக் குறைவு, அதாவது அதில் பாதிதான். அந்த வேறுபாடு ஏன் என்பதுதான் நம்மவர்களிடம் இன்னும் ஆராய வேண்டியது.

ஆராய வேண்டுமென்றால் நாம் ஒத்துழைக்க வேண்டும். என் மனக்குறை இங்கேதான் தொடங்குகிறது.

இரவு முழுவதும் சாப்பிடாமல் வந்து முதலில் ஒரு முறை இரத்தம் கொடுத்து, 75 கிராம் குளுக்கோஸ் கரைத்த தண்ணீரைக் குடித்து, சரியாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து மறுபடியும் இரத்தம் கொடுப்பதுதான் மேலே சொன்ன ஆய்வுகளுக்கெல்லாம் அடிப்படையான சோதனை. குளுக்கோஸ் வெறும் வயிற்றில் லிட்டருக்கு 7.0 மில்லிமோல், அல்லது இரண்டு மணி நேரத்துக்குப் பின் 11.1 என்ற எண்ணைத் தொட்டால் நீரிழிவு. இரண்டாவது எண் 7.8-க்கும் 11.0-க்கும் இடையில் இருந்தால் நான் முன்னே சொன்ன இடைநிலை. (ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் உறவினர் மில்லிகிராம் கணக்கில் எனக்கு 140 என்பார், எங்கள் மில்லிமோல் கணக்கில் அது 7.8. எங்கள் எண்ணைப் பதினெட்டால் பெருக்கினால் குழப்பம் தீர்ந்துவிடும்.) ஆசிய மக்களில் வெறும் வயிற்றில் நல்லபடியாக இருந்து இரண்டாம் மணியில் பிடிபடுகிறவர்கள் கணிசமாக உண்டு. எங்கள் பாட்டிமாரோ முதல் ஊசி குத்தியவுடன் கைப்பையைத் தூக்கிவிடுவார்கள். "ரெண்டு மணி நேரமா? அடுப்புல பருப்ப வெச்சுட்டு வந்திருக்கேன் தம்பி" என்று ஓர் அம்மா சொல்லிவிட்டுப் போனது இன்னும் காதில் இருக்கிறது. சிலர் இருப்பார்கள், ஆனால் இடையில் வெளியே போய்ப் பால் தேநீர் குடித்துவிட்டு ஒன்றும் அறியாதவர்போல் வந்து உட்காருவார்கள்.

விரதமும் இதில் குறுக்கிடும். சோதனைக்கு முந்திய மூன்று நாட்களாவது நாளொன்றுக்கு 150 கிராமுக்குக் குறையாமல் மாவுச்சத்து சாப்பிட்டிருக்க வேண்டும். பட்டினி கிடந்த உடலுக்குத் திடீரென்று குளுக்கோஸ் கொடுத்தால் அதைக் கையாள முடியாமல் எண் பொய்யாக ஏறும். காவடிக்குப் பத்து நாள் விரதமிருந்து, கடைசி நாட்களில் பாலும் பழமுமாக இருந்தவரைக் கோயில் மண்டபத்தில் அழைத்துச் சோதிப்பதைவிட, ஒரு வாரம் கழித்துச் சோதிப்பது நல்லது. முகாம் நடத்துகிறவர்களிடம் இதை நான் சொன்னபோது, கூட்டம் கிடைப்பது அன்றைக்குத்தானே என்றார்கள். கூட்டம் கிடைக்கும், எண் கிடைக்காது.

இரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி சோதனை இருக்கும்போது இந்தக் காத்திருப்பு எதற்கு என்று படித்தவர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்விதான். ஈரானிய மருத்துவர் சாமுவேல் ரஹ்பார் 1968-இல் நீரிழிவு நோயாளிகளின் ஹீமோகுளோபினில் கண்ட மாறுபாட்டிலிருந்து வளர்ந்த அந்தச் சோதனைக்கு வெறும் வயிறு தேவையில்லை. ஆனால் அது சிவப்பணுவின் ஆயுளை நம்பி நிற்கிறது. நம் பெண்களிடம் பரவலாக உள்ள இரும்புச்சத்துக் குறைவு அந்த எண்ணைச் சற்று உயர்த்திக் காட்டும். சிவப்பணு விரைவில் அழியும் நோயுள்ளவர்களிடம் அது தாழ்ந்து காட்டும். எனவே ஒன்று மற்றொன்றுக்கு முழு மாற்றாகாது.

குற்றம் முழுவதையும் பொதுமக்கள் தலையில் நான் சுமத்தவில்லை. வெளியே எடுத்த இரத்தத்திலும் அணுக்கள் உயிரோடிருந்து குளுக்கோஸைத் தின்றுகொண்டே இருக்கும். அணுக்களைப் பிரித்தெடுக்காமல் வைத்தால் குளுக்கோஸ் மணிக்கு ஐந்து முதல் ஏழு சதவீதம் வரை குறையும். சாம்பல் நிற மூடியுள்ள ஃபுளோரைடு குழாய் அதைத் தடுக்கும் என்றாலும், முதல் ஒன்றிரண்டு மணி நேரம் அதுவும் முழுமையாகத் தடுப்பதில்லை. நான் வேலை பார்த்த ஓர் இடத்தில், டிசம்பர் வெயிலில், உணவு இடைவேளை முடியும்வரை ஜன்னலோரம் கிடந்த குழாய்களை நானே இயந்திரத்தில் போட்டிருக்கிறேன். இடைநிலையில் இருந்த எத்தனை பேர் அன்று நலமுள்ளவர்களாக வீட்டுக்குப் போனார்களோ!

ஹார்மோன் சோதனைகளில் ஏமாற்றம் இன்னும் நுட்பமானது. ரோசலின் யாலோவும் சாலமன் பெர்சனும் 1950-களின் இறுதியில் இன்சுலினை அளக்கக் கண்ட கதிரியக்க முறையால்தான் இரத்தத்தில் மிகச் சிறிய அளவில் மிதக்கும் ஹார்மோன்களையும் எண்ணிக் காட்ட முடிந்தது; யாலோவுக்கு 1977-இல் நோபல் பரிசு கிடைத்தபோது பெர்சன் உயிரோடில்லை. இன்றைய இயந்திரங்கள் அம்முறையின் பேரப்பிள்ளைகள். அவற்றில் சில, குழாயில் நடக்கும் பிணைப்புக்குப் பயோட்டின் என்ற வைட்டமினைப் பயன்படுத்துகின்றன. முடி வளரவும் நகம் உறுதியாகவும் கடையில் விற்கும் மாத்திரைகளில் அதே பயோட்டின் மிகுதியாக இருக்கிறது. அதை விழுங்கியவரின் இரத்தத்தில் தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் குறைந்ததாகவும் தைராய்டு ஹார்மோன் கூடியதாகவும் இயந்திரம் அச்சிடும். இல்லாத நோய் தாளில் வந்துவிடும். சோதனைக்கு முன் இரண்டு நாளாவது நிறுத்தினால் பெரும்பாலும் சரியாகிவிடும். ஆனால் "என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று கேட்டால், மருத்துவர் எழுதியதை மட்டும்தான் நம்மவர்கள் மாத்திரைக் கணக்கில் சேர்க்கிறார்கள்.

இதையெல்லாம் சொல்லும் நானே ஒரு தவறு செய்தவன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆய்வுக்கு இரத்தம் கொடுத்தேன். முதல் சோதனையின் முடிவு எனக்கு வரவே இல்லை; இரண்டு ஆண்டு கழித்து மறுபடி வரச் சொல்லிக் கடிதம் மட்டும் வந்தது. அந்தக் கோபத்தில் நான் போகவில்லை. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்த எனக்கே அப்படித் தோன்றியதென்றால், ஆங்கிலக் கடிதத்தைப் பேரனிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லும் முதியவர்கள் ஏன் போக வேண்டும்? வராமல் போனவர்களில் நோயுற்றவர்கள் அதிகமா, நலமுள்ளவர்கள் அதிகமா என்று தெரியாததால், ஆய்வின் கடைசிச் சதவீதமே கோணலாகிவிடுகிறது.

ஆகவே தங்கள் வழியாக இரண்டு வேண்டுகோள்கள். ஆராய்ச்சிக்காக எங்கள் கோயில் மண்டபங்களைக் கேட்டு வருகிறவர்களிடம், ஒவ்வொருவரின் எண்ணையும் அதன் பொருளையும் ஒரு மாதத்துக்குள் அவரவருக்கு எழுதிக் கொடுப்பதாக ஒப்புதல் வாங்கிக்கொண்டே நிர்வாகக் குழுவினர் சாவியைக் கொடுக்க வேண்டும். தங்கள் நாளிதழோ, இரண்டு மணி நேரச் சோதனைக்கு வருவோர் முந்திய மூன்று நாட்களில் என்ன சாப்பிட வேண்டும், காத்திருக்கும்போது எதைத் தவிர்க்க வேண்டும், எந்த மாத்திரைகளைச் சொல்ல வேண்டும் என்பவற்றை எளிய தமிழில் கால் பக்கத்தில் அச்சிட்டால் போதும். அதை வெட்டி எங்கள் சங்கப் பலகையில் ஒட்டும் வேலையை நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆய்வுக்கூடப் பணியாளர்,
சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா