அடாவடித் தாத்தாவின் மகள் எழுதுவது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் முதியோர் இல்லக் கட்டுரைக்கு நடுவே 'அடாவடித் தாத்தாக்கள்' என்று பெட்டி கட்டி ஒரு துணுக்கு போட்டிருந்தீர்கள். பக்கத்துக் கட்டில்காரரைக் கைத்தடியால் அடித்த பெரியவர், தட்டை வீசிய பாட்டி. கூடவே கார்ட்டூன் வேறு. நன்றாகச் சிரித்தோம், நன்றி.

என் அப்பாவும் அடித்தவர்தான். முப்பது வருஷம் பஸ் கண்டக்டர். பள்ளிக்கூடப் பையனைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் கூப்பிடுவார். மறதி நோய் முற்றியதும் இல்லத்தில் சேர்த்தோம். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரம், தன் கட்டிலில் உட்கார்ந்திருந்த இன்னொரு பெரியவரின் சட்டையைப் பிடித்து, "டிக்கெட் இல்லையா, இறங்குங்க" என்று தள்ளிவிட்டார். அவருக்கு நெற்றியில் 3 தையல். அவர் மகன் முன்னால் நான் கைகூப்பி நின்றது தனிக் கதை.

இல்லத்தில் நான்கு நாள் மாத்திரை கொடுத்து அப்பாவைத் தூங்கவைத்தார்கள். கெஞ்சிக் கேட்ட பிறகு சிறுநீரைப் பரிசோதித்தால், கிருமித் தொற்று. எரிகிறது என்று சொல்ல அவருக்கு வார்த்தை வரவில்லை. அதற்கு மருந்து கொடுத்ததும் பாதி ஆவேசம் இறங்கியது. டிவிக்குப் பக்கத்திலிருந்த கட்டிலை ஜன்னலோரம் நகர்த்தி, இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டதில் இன்னும் கொஞ்சம். மிச்சத்தை ஆயாம்மா பார்த்துக்கொண்டார். அப்பா டிக்கெட் கேட்டால், கிழித்த காலண்டர் தாளை நீட்டுவார். வாங்கி ஓரத்தைக் கிள்ளித் திருப்பிக் கொடுத்துவிட்டு அப்பா நகர்ந்துவிடுவார். அந்த ஆயாம்மாவைப் பற்றி ஒரு வரி உண்டா உங்கள் கட்டுரையில்?

மறதி நோயுள்ள முதியவர்களுக்கு மனநோய் மாத்திரைகள் கொடுத்தால் உயிராபத்து கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2005-லேயே எச்சரித்துவிட்டது. உங்கள் நிருபருக்குத் தெரியாமல் இருக்குமா? கார்ட்டூனுக்கு இடம் போய்விட்டது போலும்.

அக்டோபர் 1 முதியோர் தினத்துக்கு, யாரோ பிரமுகர் வேட்டி கொடுக்கும் படம் மட்டும் உங்களுக்கு அரைப் பக்கம் வரும். ஆதரவற்ற முதியோருக்கு மாவட்டத்துக்கு ஓர் இல்லமாவது, 150 பேர் தங்கும்படி, அரசு அமைக்கலாம் என்கிறது 2007-ஆம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம். அந்த 'லாம்' பற்றி நான் முன்பு எழுதிய கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. குப்பைக்கூடைக்கும் பசிக்குமே.

சரி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. அடுத்த இதழில் அதைப் போடுங்கள். அந்தக் கார்ட்டூன் அளவு இடம் போதும்.

இப்படிக்கு,
22 வருஷச் சந்தாதாரர்,
திருப்பூர்